தாய்மாமன் எடுக்காத படம்

கல்யாணத்துக்கு முந்தின நாள் வேலுமணி கேமராவைத் தொடமாட்டார். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போவார். நாயுடுபுரத்தில் அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்து ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு இது முதலில் விளங்காது.

"முந்தின நாளு மத்தியானம் வருவேங்க. படம் எடுக்க இல்ல, சும்மாதான். ஒரு வாய் சோறு போட்டாப் போதும்" என்பார்.

சோற்றுக்கு அலைகிற ஆள்போலிருக்கிறதே என்று நினைத்தவர்களும் உண்டு. வந்தவர் வெங்காயம் உரிக்கிற பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். தானும் நாலு வெங்காயம் உரிப்பார். எந்தச் சித்தப்பா எந்தப் பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார், எந்த அத்தை வாய்விட்டு அழுவாள், எந்த அத்தை அழுகையை முழுங்கிக்கொண்டு நிற்பாள், எல்லாம் சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் அவருக்குப் பிடிபட்டுவிடும். மறுநாள் மண்டபத்தில் பார்த்தால், எது நடக்கப்போகிறதோ அதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே மனுஷன் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

கேமரா பழசு. வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கைப்பிடி ரப்பர் உரிந்துபோய், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். "என்னப்பா வேலுமணி, கேமராவுக்குக் கை ஒடிஞ்சுபோச்சா? கட்டுப் போட்டிருக்க?" என்று கேலி செய்வார்கள்.

"கைதானுங்க ஒடிஞ்சிருக்கு, கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்பார்.

அவர் பிறந்தது வில்பட்டி. கேரட் மூட்டை தூக்குகிற அப்பா, களை பறிக்கிற அம்மா. பத்தாவதோடு படிப்பு நின்றது. பதினேழு வயசில் இரவல் கேமராவோடு கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்று டூரிஸ்ட்டுகளைப் படம் பிடித்தார். பனி இறங்கிவிட்டால் மற்றப் படக்காரர்கள் டீக்கடைக்கு ஒதுங்குவார்கள். வேலுமணி மட்டும் வந்த குடும்பத்தோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பார். எந்த ஊர், என்ன சோலி, பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஏன் ஆகவில்லை. பனி விலகுகிற நேரம் அவர் கையில் கேமரா இருப்பதையே அவர்கள் மறந்திருப்பார்கள். அப்போது ஒரு தட்டு. அந்தப் படங்களை வாங்கிப் பார்த்து, "இது நாமதானா!" என்று திகைத்துப்போனவர்கள் உண்டு. அவர் கற்ற பாடம் அவ்வளவுதான். மீதி இருபத்தெட்டு வருஷமும் அதையே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்.

வில்பட்டியில் அவருடைய தங்கை ஜோதிமணியின் வீட்டு முன்னறைச் சுவரில் ஐந்து படங்கள் வரிசையாகத் தொங்கும். ஐந்திலும் ஜோதிமணியின் ஒரே மகள் தாரணி. முதல் படத்தில் ஒரு வயசு. பழனியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை, அழுது முடித்துவிட்டு யாரை அடிக்கலாம் என்று பார்க்கிற பார்வை. அடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள். மூன்றாவது, ஊஞ்சலில் விழுந்து முன்பல் முனை உடைந்த மறுநாள். நான்காவது சடங்கு. ஐந்தாவது, பட்டமளிப்பு அங்கி. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். சீர்வரிசைத் தட்டோடு இன்னொரு சீராக, ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து, சட்டம் போட்டு, தாமே வந்து மாட்டிவிட்டுப் போவார் தாய்மாமன்.

ஐந்தாவது படத்தை மாட்டிய அன்றைக்கே பக்கத்தில் ஆறாவது ஆணியையும் அடித்துவிட்டார்.

"இது எதுக்கு மாமா?"

"ஒன் கல்யாணப் படத்துக்கு. எடம் புடிச்சு வைக்கணும்ல. இல்லேன்னா ஒங்கப்பன் சட்டையத் தொங்கவிட்டுருவாரு."

அப்படியே ஆயிற்று. சட்டைக்குப் பதிலாக உரக்கடைக் காலண்டர் தொங்கியது. இரண்டு வருஷம் அந்த ஆணி காலண்டரைச் சுமந்தது.

போன வைகாசிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை பழனிக்காரர், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற குடும்பம். மண்டபமும் பழனியில்தான். முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தாய்மாமனுக்கு வைப்பது வழக்கம். ஜோதிமணியும் அவள் புருஷன் தண்டாயுதபாணியும் வந்து வைத்தார்கள். படம் எடுக்க வாருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலுமணியும் கேட்கவில்லை. தாய்மாமனை யாராவது புக் பண்ணுவார்களா? சொந்தக் கையைப் பார்த்து, "சோறு எடுத்து வாயில் வை" என்று யாராவது சொல்வார்களா? அதே முகூர்த்தத்தில் நாயுடுபுரத்திலேயே ஒரு கல்யாணம் வந்தது. "அன்னைக்கு எங்க பாப்பா கல்யாணங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் அவர் வில்பட்டிக்குப் போயிருந்தபோது, ஜோதிமணி பூண்டு பிரிப்பதை நிறுத்திவிட்டு, தாரணியின் பழைய காலேஜ் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மண்டபத்துல எங்கெங்க நின்னு எடுத்தா நல்லாருக்கும்? யார் யார விடாம எடுக்கணும்? சொல்லு, எழுதிக்கிறேன். அன்னைக்கு இருக்குற பரபரப்புல ஒண்ணும் ஞாபகம் வராது."

இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. என்ன கேமரா, எத்தனை ஆல்பம், டிரோன் உண்டா என்றுதான் கேட்பார்கள். வேலுமணி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"எழுதிக்க. நம்ம தண்டாயுதபாணி மாப்பிள்ளைக்கு அழுக வந்தா வேல வந்துரும். எலை பத்துமான்னு எண்ணப் போயிருவாரு. அதனால பந்தி வாசல்ல நிக்கணும்."

உள்ளேயிருந்து தண்டாயுதபாணி, "யாரு மச்சான் அழுகுறது? நானா?" என்றார்.

"நீங்க எண்ணுங்க மாப்பிள்ள, எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். "ஒங்கொழுந்தன் முருகவேலுக்கும் மாப்பிள்ளைக்கும் தண்ணிக் கொழாயால ஆறு வருசமாப் பேச்சில்ல. ரெண்டு பேரையும் சேத்து நிக்கச் சொல்லக்கூடாது, காரியம் கெட்டுரும். ஆனா அட்சதத் தட்டு ஒண்ணுதான் வரும். ரெண்டு கையும் ஒரே தட்டுல போகும் பாரு, அதை எடுக்கணும்."

"ம்."

"கந்தம்மா மதினி மேடப் பக்கம் வரமாட்டாங்க. தாலியறுத்தவ எதுக்குன்னு தூணுக்குப் பின்னால நிப்பாங்க. தாரணியத் தூக்கி வளத்தது அவங்கதான். தாலி கட்டும்போது எல்லாரும் தாலியப் பாப்பாங்க. ஒருத்தராச்சும் மதினியப் பாக்கணும்."

ஜோதிமணியின் பேனா ஒரு கணம் நின்றது. தண்டாயுதபாணியின் அக்காள் கந்தம்மாளை அவள்கூட நினைத்திருக்கவில்லை.

"தாரணிகிட்டச் சிரின்னு சொல்லவே கூடாது. ஒடைஞ்ச பல்லு ஞாபகம் வந்துரும், வாய மூடிக்குவா. நெசமாச் சிரிப்பு வந்தா மொதல்ல குனிவா. ஒண்ணு, ரெண்டு எண்ணணும். மூணுல நிமிருவா. அதான் படம்."

கிழக்கு ஜன்னல் வெளிச்சம் எத்தனை மணிக்கு மேடையின் எந்தப் பக்கம் விழும் என்பதுவரை சொல்லி முடித்தபோது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி லெட்சுமி சோற்றைப் போட்டபடியே கேட்டாள்: "எடுக்கப் போறது நீங்க. சொன்னதும் நீங்க. அப்ப ஒங்க தங்கச்சி யாருக்குங்க எழுதுது?"

"ஆசையாக் கேட்டுச்சு, சொன்னேன். ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு இது."

"எனக்கு ஒரு இதுவும் இல்ல. கொழம்ப ஊத்திக்கோங்க."

முகூர்த்தத்தன்று வெள்ளனே வேலுமணி பட்டுவேட்டி கட்டி, தோளில் கேமராப் பையோடு மண்டபத்துக்கு வந்தார். அங்கே ஏற்கனவே மூன்று பேர் விளக்கும் ஸ்டாண்டுமாக நின்றார்கள். தலைவன்போல இருந்தவனுக்கு முப்பது வயசு இருக்கும். யோகேஷ் என்று பெயர் சொன்னான். கோயம்புத்தூர். மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று வேலுமணி எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஆள் வைப்பது இப்போது சகஜம்தான்.

"தம்பி, நீங்க மாப்பிள்ள பக்கம் பாத்துக்கோங்க. பொண்ணு பக்கம் நான் பாத்துக்கிறேன். குறுக்க வந்தாச் சொல்லுங்க, ஒதுங்கிக்கிறேன்."

யோகேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

தண்டாயுதபாணி வாழையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். வேலுமணி பந்தி வாசலுக்கு விரைந்தார். அங்கே யோகேஷ் முன்னாலேயே நின்றிருந்தான். க்ளிக், க்ளிக். வேலுமணிக்குக் கோபம் வரவில்லை, மதிப்புத்தான் வந்தது. வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் தகப்பனைப் பிடித்துவிட்டானே! கெட்டிக்காரன். கேமராவை மட்டும் நம்பி வந்த ஆள் இல்லை இவன் என்று தோன்றியது. டீ குடிக்கும்போது இவனிடம் பேசவேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

பிறகு மணப்பெண் அறை. தோழி ஒருத்தி ஏதோ காதில் சொல்ல, தாரணி குனிந்தாள். வேலுமணி பையின் ஜிப்பைத் திறந்தார். அப்போது பக்கத்தில், லென்ஸில் கண்ணை வைத்தபடி யோகேஷ் மெல்ல முணுமுணுப்பது கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு..."

தாரணி நிமிர்ந்தாள். க்ளிக்.

வேலுமணியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"தம்பி, எதுக்கு எண்ணுனீங்க?"

"அதுவா சார்? மேடம் நோட்ஸ் குடுத்தாங்க. செம டீடெய்ல். இந்த மாதிரி ஒரு க்ளையண்ட்ட நான் பாத்ததே இல்ல." பையன் கள்ளமில்லாமல் போனை எடுத்து நீட்டினான். "மூணு மாசம் முன்னாடி புக் பண்ணாங்க. ரெண்டு மாசம் முன்னாடி இத அனுப்பினாங்க."

நோட்டுப் பக்கத்தின் படம். ஜோதிமணியின் குண்டு குண்டான எழுத்து. இலை எண்ணுவது, அட்சதைத் தட்டு, தூணுக்குப் பின்னால் கந்தம்மாள், கிழக்கு ஜன்னல். ஒன்றும் விடுபடவில்லை. 'அழுக வந்தா வேல வந்துரும்' என்று அவர் சொன்ன வேடிக்கைகூட அப்படியே இருந்தது. இரண்டாவது பக்கத்தின் அடியில் அவர் சொல்லாத ஒரு வரி, கோடு போட்டுத் தனியாக எழுதப்பட்டிருந்தது.

'எங்கள் அண்ணன் கேமராவோடு வருவார். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு இருக்கட்டும்.'

வேலுமணி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். விசேஷ வீட்டில் அடம்பிடிக்கிற குழந்தை கையில் ஒரு காலி டப்பாவைக் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பார்களே, அது நினைவுக்கு வந்தது.

"ஏம்ப்பா, தாய்மாமன் எங்க? பொண்ணக் கூட்டிட்டு வாங்க, நேரமாச்சு, வெரசா!" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

அவர் ஜிப்பை மூடி, பையை அந்த அறை மூலையிலேயே வைத்தார். தாரணிக்கு மாலையைப் போட்டார். அவள் கையைப் பிடித்து மேடைக்கு நடந்தார். மேளம் காதை அடைத்தது. இடது பக்கம், சம்பந்தியம்மாளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஜோதிமணி திரும்பினாள். அண்ணன் தோளில் பை இல்லாததைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. வேலுமணியும் பார்த்தார். நாலைந்து அடி தூரம் நடக்கிற நேரம்தான். எங்கோ ஒரு க்ளிக்.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சாப்பிடலயாண்ணே?" என்றாள். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"எதுக்கு ஜோதி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தாள். "சம்பந்தி வீட்டுல கேட்டாங்கண்ணே, போட்டோகிராபர் என்ன கேமரா வச்சிருக்காருன்னு. நான் என்ன சொல்லட்டும்? டேப்பு சுத்தின கேமரான்னா? எம்பொண்ணு நாளைக்கு அந்த வீட்டுல போய் வாழணும்."

"அதச் சொல்லியிருக்கலாம்ல. நான் வேட்டியக் கட்டிக்கிட்டு வந்து சீர வச்சுட்டு, கைய வீசிக்கிட்டு நின்னிருப்பேன்."

"ஒன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"என் கேமரா வேணாம், சரி. கேவலமா இருந்துச்சு, வேணாம்னுட்ட. எங்கண்ணு மட்டும் எதுக்கு ஜோதி? அத ஏன் கேட்டு வாங்கிக் குடுத்த?"

ஜோதிமணி யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

அன்று வேலுமணி ஒரு படம்கூட எடுக்கவில்லை. பெண்ணை அனுப்பிவைக்கிறவரை இருந்து, தாய்மாமன் செய்யவேண்டிய எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்துவிட்டு, கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினார். மலை ஏறி முடிகிறவரை லெட்சுமி வாயைத் திறக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் சொல்லாதது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அதற்குப் பிறகும் கல்யாணங்கள் வந்தன. முந்தின நாள் கேமரா இல்லாமல் போவதும் வெங்காயம் உரிப்பதும் நிற்கவில்லை. ஒன்று மட்டும் மாறியது. "எங்கண்ணே நின்னு எடுப்பீங்க?" என்று யாராவது பேச்சுவாக்கில் கேட்டால்கூட, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார். கூடப்பிறந்தவளே எழுதிக்கொண்டு போன பிறகு, அடுத்தவரிடம் வாயைத் திறக்க அவருக்கு வரவில்லை. வில்பட்டிப் பக்கமும் போகவில்லை.

ஆடி பிறந்தது. தாரணி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். போன் செய்தாள். "மாமா, நீங்க வந்தே ஆகணும். வரலேன்னா நான் ஸ்டுடியோ வாசல்ல வந்து ஒக்காந்துருவேன். ஒங்க யாவாரம் கெட்டுரும், சொல்லிட்டேன்."

போனார். முன்னறையில் தண்டாயுதபாணி நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஜோதிமணி, "வாண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுவரில் உரக்கடைக் காலண்டர் இல்லை. ஆறாவது ஆணியில் ஒரு பெரிய சட்டம், துணி போட்டு மூடித் தொங்கியது.

"அஞ்சு படமும் நீங்க எடுத்தது. ஒங்களத்தான் யாருமே எடுத்ததில்ல" என்று சொல்லித் தாரணி துணியை உருவினாள்.

வேலுமணி பார்த்தார். தாரணியின் கை அவர் கைக்குள் இருக்கிறது. அவள் தலை குனிந்திருக்கிறாள். பின்னால் கூட்டம் புகைபோல மங்கிக் கிடக்கிறது. கிழக்கு ஜன்னல் வெளிச்சம் அவர் பாதி முகத்தில் விழுந்திருக்கிறது. கண்கள் நிறைந்து, இன்னும் வழியாமல் நிற்கின்றன. பார்வை சட்டத்துக்கு வெளியே, இடது பக்கம் எங்கோ போகிறது.

நல்ல படம். மோசம் என்று சொல்ல அவர் தொழில் விடவில்லை. வெளிச்சம் சரி, நேரம் சரி, தூரம் சரி.

"எங்க வீட்டுல ஆல்பம் பாத்தவங்க எல்லாரும் இந்தப் படத்துலதான் நின்னாங்க மாமா" என்றாள் தாரணி. "எங்க மாமியா அழுதே போட்டாங்க. தாய்மாமன் பாசத்தப் பாருங்க, கண்ணு எப்படிக் கலங்கியிருக்குன்னு. அந்தப் போட்டோகிராபர் இந்தப் படத்த வச்சுத்தான் இப்ப ஆர்டர் புடிக்கிறாராம்."

"மச்சான் என்னய எலை எண்ணவிட்டுட்டு, இவரு அங்க அழுதுக்கிட்டு இருந்திருக்காரு" என்று தண்டாயுதபாணி சிரித்தார்.

வேலுமணிக்கு அந்தப் பையன்மீது கோபம் இல்லை. நோட்டில் எழுதியிருந்த எல்லாவற்றையும் எழுதியபடி எடுத்தவன், எழுதாத ஒன்றையும் எடுத்திருக்கிறான். எடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய கேமராவுக்கும் தெரியாது. ஆல்பம் பார்த்து அழுத அந்த அம்மாளுக்கும் தெரியாது. அது பாசம் இல்லை என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். இரண்டு பேரும் இப்போது இந்த வீட்டில் இருந்தார்கள்.

ஜோதிமணி டம்ளரில் காப்பியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். படத்துக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி ஒருக்களித்து நின்றாள். வாசல் கதவைத் திறந்தால் நேராக அந்தச் சுவர்தான். இனிமேல் காட்டுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம், பூண்டு பிரிக்க உட்காரும்போதெல்லாம், அந்தப் பார்வை அவளுக்கு எதிரேதான் இருக்கும். மகள் ஆசையாக மாட்டியதை எடு என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

"சொல்லுங்க மாமா" என்று தாரணி அவர் தோளில் கைவைத்தாள். "அந்த நேரம் என்ன நெனச்சீங்க? என்னயத்தானே?"

ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை சந்தோஷப்பட்டிருக்கும். ஜோதிமணியும் டம்ளரைக் கீழே வைத்து மூச்சு விட்டிருப்பாள். அண்ணன் அதைத்தான் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. யார் எதை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதானே அவர் தொழில்.

வேலுமணி எழுந்தார். சட்டம் ஒரு விரல்கடை வலது பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார்.

"நான் பாக்குற பக்கம் நின்னது ஒங்கம்மாதாம்மா" என்றார். "என்ன நெனச்சேன்னு அவகிட்டக் கேளு."

காப்பியைத் தொடாமல் வெளியே வந்தார். குனிந்து செருப்பை மாட்டினார். உள்ளே தாரணி, "என்னம்மா?" என்று கேட்கிற குரல் வந்தது. பஸ் நிற்கிற முக்கு வரும்வரை அதற்குப் பதில் ஒன்றும் அவர் காதில் விழவில்லை.